மகப்பேறு நிதியில் இருக்கும் பெயர்: சட்டசபைக்குள் முத்துலட்சுமி ரெட்டி செய்தது என்ன?

செங்கம் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் வரை போனாலும், கர்ப்பிணிகள் வரிசையில் ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும். முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா, அடுத்த தவணை எப்போ வரும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிக்மி எண் வாங்கி, பேங்க் பாஸ்புக் நகல் கொடுத்து, தவணை தவணையாக வாங்கும் அந்த உதவியின் முழுப் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி இப்போது 18,000 ரூபாயில் நிற்கிறது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், முதல் பெண் டாக்டர் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்க்கையில் மூன்றரை வருடம் மட்டும் நீடித்த இன்னொரு வேலை இருந்தது. இந்தியாவின் மாகாண சட்டசபைகளில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். உள்ளே போனார், ஒரு சட்டத்தை வாங்கினார், இன்னொன்றைப் பாதியில் விட்டு வெளியே வந்தார். விட்டுவந்தது சட்டமாக 17 வருடம் ஆனது. ஏன் அவ்வளவு நாள்?

புதுக்கோட்டையில் ஒரு விசித்திரமான வீடு

1886 ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய சொந்த பந்தம் ஒதுக்கிவைத்தது. ஆக, ஒரு பக்கம் கல்லூரி முதல்வரின் மகள், இன்னொரு பக்கம் ஊர் மதிக்காத குலத்தின் பேத்தி. இந்த இரண்டும் சேர்ந்த வலியை அவர் கடைசி வரை மறக்கவில்லை. பிற்பாடு சட்டசபையில் அவர் பேசியது யாரோ ஒருத்தர் வீட்டுக் கதையை அல்ல, தாய்வழி வீட்டுக் கதையை.

பெண் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்பது அன்றைய கணக்கு. அவர் வீட்டிலிருந்தே படித்து 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. அது ஆண்கள் மட்டுமே படிக்கும் இடம். ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றுகூட மிரட்டல் வந்தது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போய் வந்தார் முத்துலட்சுமி.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம். எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். சடங்கு கிடையாது, 1872-ம் ஆண்டு சட்டப்படி பதிவுத் திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. 1914-ல் இப்படி ஒரு நிபந்தனை என்பது லேசுப்பட்ட விஷயமா?

ஓட்டு யாருக்கு இருந்தது?

இங்கே கொஞ்சம் பின்னணி வேண்டும். இன்று 18 வயது ஆனால் ஓட்டு. அன்று அப்படி இல்லை. சொத்து, வரி என்று தகுதி வைத்திருந்தார்கள். செங்கம் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஜவ்வாது மலையில் சாமை விதைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, அந்த ஓட்டு எட்டாத தூரம். பெண் என்றால் சொத்து இருந்தும் ஓட்டு கிடையாது.

1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னால் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று போய் ஓட்டுரிமை கேட்டது. லண்டனில் முடிவெடுக்கவில்லை. அந்தந்த மாகாண சட்டசபையே பார்த்துக்கொள்ளட்டும் என்று 1919 சட்டம் பந்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. அப்போது சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சி ஆட்சி. 1921-ல் சென்னை சட்டசபை பெண் என்பதால் மட்டும் ஓட்டு மறுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மாகாணங்களில் இதுதான் முதல். சொத்துத் தகுதி மட்டும் அப்படியே இருந்தது.

ஓட்டு போடலாம், ஆனால் நிற்க முடியாது. அந்தக் கதவு 1926-ல் திறந்தது. மங்களூர் பக்கத்திலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய் துணிந்து போட்டியிட்டார். குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஜெயித்து வந்த பெண் ஒருவரும் இல்லை.

அப்போது முத்துலட்சுமி ஊரிலேயே இல்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் போய் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேல்பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் மாதர் சங்கம் அவர் பெயரைச் சொன்னது, அரசு அவரை நியமன உறுப்பினராகப் போட்டது. தொழில் கெட்டுப்போகுமே என்று அவர் முதலில் தயங்கினார்.

இந்த நியமனம் என்ற சொல்லைக் கவனிக்கணும். மக்கள் ஓட்டு போட்டு அனுப்பியவர் அல்ல, ஆங்கில அரசு கொடுத்த நாற்காலி. அவருக்கென்று தொகுதி இல்லை, பின்னால் கட்சி இல்லை. சபையில் 132 உறுப்பினர்கள், அதில் பெண் ஒருவர்தான். அப்படியிருந்தும் 1927-ல் சபை கூடியதும் துணைத் தலைவராக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டசபைக்குள் என்ன செய்ய முடிந்தது?

அன்றைய சபைக்கு அதிகாரம் குறைவு. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரி துறைகள் மந்திரிகளிடம். போலீஸ், நிலவரி, நீதி எல்லாம் கவர்னர் கையில். இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். தனி உறுப்பினர் ஒருவரால் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், மசோதா வைக்கலாம். அரசு அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம்.

அவர் மூன்றையும் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி என்று பட்ஜெட் விவாதத்தில் ஒவ்வொன்றாக எடுத்தார். பெண்ணின் திருமண வயதை 16 ஆக்கச் சொல்லி 1928-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு டெல்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் 14-ல் நின்றது. பிரசவ வார்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தாய்மாரைப் பார்க்கும் டாக்டருக்கு 16 ஏன் தேவைப்பட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் பெயர் நின்றது தேவதாசி முறை விஷயத்தில்தான். அதை அவர் எப்படிச் செய்தார் என்பதுதான் இந்தக் கதையிலேயே கவனிக்க வேண்டிய இடம்.

நிலத்தில் இருந்த முடிச்சு

சிறுமிகளை விபச்சாரத்துக்கு ஒப்படைப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே குற்றம்தான். ஆனால் பொட்டுக் கட்டியது அந்த நோக்கத்தில்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்கணும். கோயில் சடங்கு, குலவழக்கம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். சட்டப் புத்தகத்தில் தண்டனை, ஊரில் அதே வழக்கம்.

1927 நவம்பரில் முத்துலட்சுமி சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொட்டுக் கட்டுவதை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதோடு நிற்காமல், இந்த வழக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தார். பக்தி மட்டுமா? இல்லை, நிலமும்.

பல கோயில்களில் தாசிகளுக்கு மானிய நிலம் உண்டு. இனாம் நிலம் என்பார்கள். நிலம் சும்மா வராது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கோயிலில் ஊழியம் செய்யணும் என்பது நிபந்தனை. ஊழியம் நின்றால் நிலம் போச்சு. ஒரு பெண்ணுக்கு வயதாகிவிட்டால், அடுத்த தலைமுறையிலிருந்து ஒரு சிறுமியைக் கோயிலுக்கு விட்டே ஆகணும். பெற்றவளுக்கு மனசில்லை என்றாலும் வயிறு இருக்கிறதே. பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பெண் பிள்ளையைத் தத்தெடுத்தாவது பொட்டுக் கட்டுவார்கள்.

அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சில் கை வைத்தது. நீதிக் கட்சி ஆட்சிக் காலத்தில் வந்த இந்து அறநிலையச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. புதிதாக ஒரு பெரிய சட்டம் எழுதாமல், அதிலேயே ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னார். நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும். அதற்கு ஒரு தொகையைத் தீர்வையாகக் கட்டட்டும். ஊழியம் செய்யணும் என்ற கட்டாயம் மட்டும் போகட்டும். இவ்வளவுதான் திருத்தம். 1929-ல் நிறைவேறியது.

இதில் யாருக்கும் தண்டனை இல்லை. யாரையும் கோயிலை விட்டு விரட்டவும் இல்லை. நிலத்தைக் காப்பாற்ற மகளைக் கொடுத்தே தீரணும் என்ற நிலை மட்டும் மாறியது. சட்டசபை வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்ட முதல் முறை உறுப்பினர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

எதிர்த்தவர்கள் யார்?

காங்கிரஸின் சுயராஜ்ஜியக் கட்சிக்காரரான சத்தியமூர்த்தி எதிர்த்தார். கோயில் மரபில், மத விஷயத்தில் சட்டசபை தலையிடலாமா என்பது அவர் வாதம். அவருக்கு முத்துலட்சுமி கொடுத்த பதிலடி என்று ஒரு கதை ஒவ்வொரு ஜூலையிலும் வாட்ஸ்அப்பில் வலம் வரும். சுவையான கதைதான். ஆனால் அந்த ஒற்றை வரியிலேயே நின்றுவிட்டால், இனாம் நிலம் பற்றி அவர் செய்த நிஜமான வேலை கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொரு எதிர்ப்பு வந்தது. அது சம்பந்தப்பட்ட பெண்களிடமிருந்தே வந்தது. சென்னையில் தேவதாசிகள் சங்கமாகச் சேர்ந்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். அதில் முன்னால் நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பினாரே, அதே நாகரத்தினம்மாள். எங்களை விபச்சாரிகள் என்று ஒரே முத்திரையில் அடைக்காதீர்கள், நாங்கள் படித்தவர்கள், கலைஞர்கள், சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் உள்ளவர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அன்றைய இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்குச் சொத்து எட்டாக்கனி. இந்தப் பெண்களுக்கு மட்டும் அது இருந்தது. அதனால் அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

மறுபக்கம், அதே சமூகத்தில் பிறந்து, தானே பொட்டுக் கட்டும் வழக்கத்தை உதறி வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பேசிக்கொண்டிருந்தார். பெரியாரின் குடிஅரசு ஏடு ஒழிப்பை ஆதரித்தது. காந்தியும் ஆதரித்தார். ஒரே சமூகத்துப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர்கள் ஒருவருக்கும் சபைக்குள் இடம் இல்லை. உள்ளே இருந்தது அந்தத் தாயின் மகளான டாக்டர் மட்டும். அந்தச் சபையின் குறை இது. முத்துலட்சுமி அவர்களுக்காகப் பேசினார், ஆனால் அவர்கள் எல்லார் சார்பிலும் பேசினார் என்று சொல்ல முடியாது.

கலை விஷயத்தில் அவர் இன்னும் கறாராக இருந்தார். 1932 கடைசியில் பத்திரிகைகளில் பெரிய சண்டை. தாசிகளின் சதிர் ஆட்டத்தைப் பொது மேடையில் ஆதரிக்கக் கூடாது என்றார் முத்துலட்சுமி. கலையைக் கொல்லாதீர்கள் என்றார் வக்கீல் ஈ.கிருஷ்ண ஐயர். சதிர் பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேடை ஏறியது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். வேறு குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களில் பலர் வருமானம் இழந்து மறைந்துபோனார்கள். நிலம் உள்ள தாசிக்கு 1929 சட்டம் வழி செய்தது. நிலம் இல்லாமல் ஆட்டத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

நாற்காலியை விட்ட நாள்

1930 தொடக்கத்தில் அடுத்த மசோதா. இது நேரடியானது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதே குற்றம் என்றது. மசோதா மக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது.

அந்த நேரத்தில் உப்பு சத்தியாகிரகம். மே மாதம் காந்தி கைது. முத்துலட்சுமி ராஜினாமா செய்தார்.

சரியா, தவறா? காங்கிரஸ்காரர்களுக்கு இது பெருமை. ஆனால் மசோதாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அரசே கொண்டுவந்த மசோதாவாக இருந்தால் ஆள் மாறினாலும் நகரும். தனி உறுப்பினர் மசோதா, அதைத் தூக்கிச் சுமக்க ஓர் ஆள் உள்ளே இருந்தால்தான் நகரும். சபையில் இருந்த ஒரே பெண் எழுந்து வெளியே வந்ததும் அதை முன்னே தள்ள ஆள் இல்லை. கிடப்பில் போனது. நியமன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நியமித்த அரசு காந்தியைச் சிறையில் அடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவரால் முடியவில்லை. கட்சியோ தொகுதியோ இருந்திருந்தால் வேறு வழி இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சட்டசபை உறுப்பினராகத் தன் அனுபவங்கள் என்பதுதான் தலைப்பின் பொருள். என்ன கேட்டார், யார் எதிர்த்தார், அரசு எதைக் கொடுத்தது, எதைத் தட்டிக்கழித்தது என்று கணக்கு வைத்திருக்கிறார். இந்தியச் சட்டசபைக்குள் ஒரு பெண் என்ன செய்யலாம், எங்கே முட்டி நிற்பார் என்று உள்ளேயிருந்து எழுதிய முதல் பதிவு அது. இன்று பெண்களும் அரசியலும் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறார்கள்.

வெளியே வந்த பிறகு வேலை வீட்டு வாசலுக்கே வந்தது. பொட்டுக் கட்டும் குடும்பத்திலிருந்து தப்பித்து வந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். பிறகு அடையாறு பெசன்ட் அவென்யூவுக்கு இடம் மாறியது.

இடஒதுக்கீட்டை அவர் எதிர்த்தாரா?

இன்றைய வாசகருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1930-களில் புதிய அரசியல் சட்டம் பேசப்பட்டபோது, பெண்கள் அமைப்புகள் கேட்டது வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. பெண்களுக்குத் தனி இடம் வேண்டாம், சலுகை வேண்டாம் என்றார்கள். முத்துலட்சுமியும் அந்தப் பக்கம்தான். 1933-ல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன்னால் ராஜ்குமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு போய்ச் சாட்சி சொன்னார். பெண்களை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மதவாரியாகப் பிரித்து இடம் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக உறுத்தியது.

லண்டன் கேட்கவில்லை. 1935 சட்டம் இடமும் ஒதுக்கியது, மதவாரியாகவும் பிரித்தது. சென்னை சட்டசபையின் 215 இடங்களில் பெண்களுக்கு 8. எல்லாருக்கும் ஓட்டு என்பது மட்டும் கிடைக்கவில்லை. 1937 தேர்தலுக்குப் பிறகு ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகர் ஆனார், 1946-ல் மந்திரியும் ஆனார்.

நியமனத்தில் உள்ளே போன ஒருவர் ஒதுக்கீட்டை எதிர்த்தது முரண்தான். ஓட்டு எல்லாருக்கும் வந்தால் பெண்கள் தானாகவே உள்ளே வந்துவிடுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2021-ல் தமிழ்நாடு சட்டசபைக்கு 234 பேரில் ஜெயித்து வந்த பெண்கள் 12 பேர்.

கிடப்பில் இருந்த மசோதா என்ன ஆனது?

1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவது செல்லாது, கட்டி வைத்தால் தண்டனை, அப்படிக் கட்டப்பட்ட பெண் திருமணம் செய்துகொண்டால் அது செல்லும். 1930-ல் பத்து வயதில் இருந்த சிறுமிக்கு அப்போது 27.

சட்டம் வந்தபோது முத்துலட்சுமிக்கு 61 வயது. அதன் பிறகுதான் இன்னொரு பழைய பாக்கியை எடுத்தார். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்திருந்தார். சீதபேதி என்று நினைத்துத் தவறாக வைத்தியம் பார்த்து, நோய் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. லண்டனிலிருந்து திரும்பிய நாளிலிருந்தே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை கேட்டுவந்தார். நன்கொடை திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி இறந்தார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 வயது. அந்தப் பிறந்தநாளான ஜூலை 30-ஐத்தான் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.